சொல்லின் கடைசியில் நான்

எங்கள் மெய்யியல் மாணவர் இதழ் அன்று மாலை அச்சுக்குப் போகவிருந்தது. நெடுந்தீவிலிருந்து திரும்பும் படகில், நான் பிழை திருத்திய கட்டுரையை, அதை எழுதிய இளைய மாணவி துளசிக்குக் காட்டினேன். ‘நினைச்சனான்’ எல்லாம் ‘நினைத்தேன்’ ஆகியிருந்தது.

“அக்கா, ‘நினைச்சனான்’ எண்டா கடைசியிலை ‘நான்’ கேக்குதெல்லே. நினைப்பு முதல், பிறகுதான் நான். அதுதானே என்ரை கட்டுரை. இப்பிடியெண்டா போடவேண்டாம்.”

“பேச்சுத் தமிழிலை போட ஏலாது,” என்றேன் எரிச்சலுடன்.

பிறகு வெயிலும் இயந்திர ஓசையும் ஒன்றாகிவிட்டன. கண் திறந்தபோது ஒளி இருந்தது, கடல் இருந்தது. அவற்றைப் பார்ப்பது யாரென்று மட்டும் தெரியவில்லை.

“நித்திரையோ அக்கா?”

“ஓம், நித்திரை கொண்டனான்.”

அந்தச் சொல்லின் கடைசியில்தான் நான் வந்து சேர்ந்தேன். குறிகட்டுவான் துறையில் இறங்குமுன், செய்த திருத்தங்களையெல்லாம் அழித்தனான்.