தண்ணீர் வற்றாத தேங்காய்

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. மேற்குத் தாம்பரத்தில் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற குடும்பம் எங்களுடையது. நர்ஸ் வேலையில் எத்தனையோ சாவைப் பார்த்தாயிற்று. செத்தவர் யாரும் எழுந்து வந்து என்னிடம் மாத்திரை கேட்டதில்லை. ஆனாலும் செங்கமலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் அந்தத் தேங்காயைப் பற்றியும் சொல்லித்தான் ஆக வேண்டும். அதைக் காதோடு வைத்து ஆட்டிப் பார்த்தவள் நான். யாரோ சொல்லக் கேட்ட கதை இல்லை இது.

அறுபத்து நாலாம் வருஷம் பர்மாவிலிருந்து நம் ஜனங்களைக் கப்பல் கப்பலாக அனுப்பி வைத்தார்கள். சொந்த பந்தம் இருந்தவர்கள் அவரவர் ஊருக்குப் போய்விட்டார்கள். போக்கிடம் இல்லாதவர்களுக்கு அரசாங்கம் ஒதுக்கிய இடங்களில் எங்கள் கேம்ப்பும் ஒன்று. பல்லாவரத்துக்கும் தாம்பரத்துக்கும் நடுவே, யுத்த காலத்தில் பட்டாளத்துக்காகப் போட்ட தகரக் கொட்டகைகள். பட்டாளம் போனபின் பாம்பும் பெருச்சாளியும்தான் அங்கே குடித்தனம் நடத்தின. அவற்றை விரட்டிவிட்டு, கொட்டகைக்குள் சாக்குப் படுதா கட்டிப் பிரித்து, குடும்பத்துக்கு ஒரு தடுப்பு என்று கொடுத்தார்கள். பக்கத்துத் தடுப்பில் இருமினால் இங்கே குழந்தை விழித்துக்கொள்ளும். அங்கே எனக்கு நர்ஸ் வேலை. என் பெயர் மெட்டில்டா, ஆனால் என் முதுகுக்குப் பின்னால் 'சிடுமூஞ்சி நர்சம்மா' என்றுதான் பேச்சு. எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள், பாவம்.

செங்கமலம் வந்தபோது இடுப்பில் ஒரு கைக்குழந்தை, கையில் ஒரு தேங்காய். மூக்குத்தியையும் தாலியிலிருந்த தங்கத்தையும் ரங்கூன் துறைமுகத்திலேயே கழற்றி வாங்கிக்கொண்டார்களாம். கழுத்தில் வெறும் மஞ்சள் கயிறுதான் மிச்சம். சிவப்புத் துணி சுற்றிய முழுத் தேங்காயை மட்டும் யாரும் சீந்தவில்லை.

"என்னம்மா, சட்னி அரைக்கிறதுக்குக் கப்பல்ல கொண்டுவந்தியா?" என்று கேட்டேன்.

அவள் அதை மார்போடு அணைத்துக்கொண்டாள். பர்மாவில் வீட்டுக்கு வீடு தூணில் இப்படி ஒரு தேங்காய் தொங்குமாம். வீட்டைக் காக்கிற தெய்வம் அதற்குள் இருக்கிறது. அதை உடைக்கக் கூடாது, தின்னக் கூடாது, தண்ணீர் வற்றுவதற்குள் வேறு தேங்காய் மாற்றிவிட வேண்டும். தலைமுறையாக அங்கே இருந்த நம் ஆட்களும் அந்த வழக்கத்துக்குப் பழகிவிட்டார்கள். செங்கமலத்தின் புருஷன் காத்தமுத்து அரிசி மில்லில் வேலை பார்த்தவன். அவனுடைய பேப்பர்கள் சரியாகவில்லை என்று அவனை நிறுத்திக்கொண்டு பெண்சாதி பிள்ளையை மட்டும் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். வீட்டுத் தூணிலிருந்த தேங்காயை அவிழ்த்துக்கொண்டு துறைமுகத்துக்கு ஓடி வந்து இவள் கையில் கொடுத்திருக்கிறான்.

"'இதுல தண்ணி ஆடுற வரைக்கும் நான் இருக்கேன்னு வெச்சுக்க. அடுத்த கப்பல்ல வந்துடுவேன்'னாரு நர்சம்மா."

"அட அறிவே! தேங்காய்த் தண்ணி நாலு மாசம், அஞ்சு மாசம் இருக்கும். அப்புறம் வத்தத்தான் செய்யும். அதுக்காக அந்த மனுஷனைச் செத்துட்டான்னு சொல்லிடுவியா?"

"வத்தும்போது பாத்துக்கலாம்" என்றாள்.

அவ்வளவுதான் அவள் பேச்சு. காலையில் எழுந்ததும் தூணிலிருந்து தேங்காயை இறக்கி, காதோடு வைத்து ஆட்டி, பொட்டு வைத்து மாட்டிவிட்டுத்தான் குழாயடிக்குப் போவாள். வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தையில் பர்மாக்காரர் பக்குவத்தில் நீளமான சேமியாவும் வாழைத்தண்டு சூப்பும் விற்றாள். உள்ளூர்க்காரர்கள் முதலில் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள். பிறகு அவள் கடையில்தான் கூட்டம். அப்படிச் சம்பாதித்து மகள் மல்லிகாவுக்குப் பாவாடை தைத்துப் போட்டாள். அடுத்த கப்பல் வந்தது, அதற்கடுத்த கப்பலும் வந்தது. காத்தமுத்து வரவில்லை, ஒரு தகவலும் இல்லை. குழாயடியில் பெண்கள் வாய் சும்மா இருக்குமா? "அங்கே எவளாவது பர்மாக்காரியோட குடித்தனம் பண்ணிக்கிட்டிருப்பான்" என்று இவள் காதுபடவே பேசினார்கள். செங்கமலம் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். ராத்திரியெல்லாம் அழுதிருக்கிறாள் என்பது மறுநாள் முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

இதற்கு நடுவே கேளம்பாக்கம் பக்கம் பர்மாவிலிருந்து வந்தவர்களுக்கென்று காலனி கட்டப் போவதாக உத்தரவு வந்தது. கேம்ப் ஆபீசர் சாம்பசிவன் நல்ல மனுஷர்தான், ஆனால் சட்டத்தைத் தாண்டி ஒரு அடி வைக்க மாட்டார். செங்கமலத்தைக் கூப்பிட்டு என் எதிரிலேயே சொன்னார்.

"இதோ பாரும்மா. வீடு குடும்பத் தலைவர் பேர்லதான். புருஷன் இருந்தா அவர் நேர்ல வந்து கையெழுத்துப் போடணும். இறந்துட்டார்னு நீ சொன்னா, விதவைன்னு உன் பேர்லயே கொடுத்துடலாம். ரெண்டும் இல்லேன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

"அவரு இருக்காரு சார்" என்றாள்.

மூன்றாவது வருஷம் தேங்காயில் தண்ணீர் குறைந்தது. இத்தனை காலம் தாங்கியதே அதிசயம் என்று நான் சொன்னேன். ஐப்பசி பிறந்தபோது ஆட்டிப் பார்த்தால் ஒரு ஸ்பூன்கூட இருக்காது போல் மெல்லிய சத்தம். செங்கமலம் சோறு தண்ணியை விட்டுவிட்டாள். அந்தச் சமயம் பார்த்து மல்லிகாவுக்குக் காய்ச்சல். மத்தியானம் ஊசி போடப் போனேன். கொட்டகையில் குழந்தையைத் தவிர யாரும் இல்லை. காற்று அசையவில்லை, வெயிலில் தகரம் மட்டும் எங்கேயோ படக்கென்றது. குழந்தையின் கையைப் பிடித்தேன். தலைக்கு மேலே 'களக்' என்றது.

நிமிர்ந்து பார்த்தேன். தேங்காய் ஆடிக்கொண்டிருந்தது. தூண் அசையவில்லை, சாக்குப் படுதா அசையவில்லை, அது மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிதானமாகப் போய் வந்தது. பிறகு தானாகவே நின்றது. ஊசியைக் கீழே வைத்துவிட்டு, மனசுக்குள் 'கர்த்தாவே' என்று சொல்லிக்கொண்டே அதைத் தொட்டேன். துணி நனைந்திருந்தது. இறக்கினால் கனம் கையை இழுத்தது. ஆட்டக்கூட வேண்டியிருக்கவில்லை, உள்ளே தண்ணீர் முட்ட முட்ட நிறைந்திருந்தது.

அதற்குள் குழாயடியிலிருந்து வந்த செங்கமலம் அதை என் கையிலிருந்து பிடுங்கிக் காதில் வைத்தாள். அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். "நெறைஞ்சிடுச்சு நர்சம்மா! நல்லா இருக்காரு! எங்க ரெண்டு பேரையும் நெனச்சிருக்காரு!" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். ரேஷன் சர்க்கரை முழுவதையும் எடுத்துக்கொண்டு போய், வசை பேசிய பெண்கள் உட்படத் தடுப்புக்குத் தடுப்பு எல்லார் கையிலும் போட்டாள். என் கையிலும் போட்டாள். கூரை ஒழுகியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு எலெக்ட்ரிக் ரயிலைப் பிடித்து வீட்டுக்கு வந்தேன். அந்த வாரம் முழுக்க ஒரு தூறல்கூட விழவில்லை என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

அதற்குப் பிறகு அந்தத் தண்ணீர் குறையவே இல்லை. வருஷக்கணக்காகக் குறையவில்லை. பக்கத்துத் தடுப்புக்காரர்கள் வேறு கொட்டகை கேட்டு மாறிப் போனார்கள். அவள் சந்தைக்குப் போயிருக்கிற நேரத்தில் பகலிலேயே அங்கிருந்து சத்தம் வருகிறது என்றார்கள். "உளறாதீங்க" என்று விரட்டிவிட்டு நானே போய் நின்று கேட்டேன். வந்தது. ஆட்டினால் வருகிற களக் களக் இல்லை. போவதும் வருவதுமாக, இழுத்து இழுத்து ஒரு சத்தம். எங்கேயோ கேட்ட சத்தமாக இருந்தது, ஆனால் எங்கே என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

எழுபத்திரண்டில் காலனி தயாராகி, கேம்ப்பை மூடுகிற உத்தரவும் வந்துவிட்டது. வீடு கிடைத்தவர்கள் மூட்டை கட்டினார்கள். வீடு இல்லாத செங்கமலத்தை ஆதரவற்ற பெண்கள் விடுதிக்கும், மல்லிகாவை வேறு ஊரில் பெண்குழந்தைகள் ஹாஸ்டலுக்கும் அனுப்புவதாக ஏற்பாடு. தாயையும் மகளையும் பிரிக்கப் போகிறார்கள் என்றதும் நேரே போய் அவளைப் பிடித்தேன்.

"ஒரே ஒரு வார்த்தை. 'செத்துட்டார்'னு சொல்லு. வீடு உனக்கு, பொண்ணு உன் பக்கத்துல. ஒரு பொய் சொன்னா வாய் அழுகிடுமா உனக்கு?"

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறவள் பேசுகிற பேச்சா இது! ஆனால் பேசினேன்.

"உசிரோட இருக்கிற மனுஷனைச் செத்தார்னு எப்படிச் சொல்றது? உங்க வீட்டுக்காரரை நீங்க சொல்லுவீங்களா நர்சம்மா?"

நான் தலையில் அடித்துக்கொண்டு திரும்பினேன்.

கடைசி நாள் காலையில் லாரி வந்து நின்றது. சாமான்கள் ஏறின, ஜனங்கள் ஏறினார்கள். செங்கமலமும் தன் டிரங்குப் பெட்டியையும் அதன் மேல் தேங்காயையும் வெளியே வைத்துவிட்டு, விடுதி வண்டி வருவதற்குள் சாம்பசிவனிடம் கடைசியாக ஒரு தடவை கெஞ்சிப் பார்க்க மகளோடு ஆபீசுக்குள் போயிருந்தாள். டிரைவர், தேங்காய் உடைக்காமல் வண்டியை எடுக்க மாட்டேன் என்று ஸ்டியரிங்கில் கை வைக்காமல் உட்கார்ந்துவிட்டான். வாட்ச்மேன் பொன்னுரங்கம் போன மாதம்தான் வேலைக்குச் சேர்ந்தவன். கற்பூரம் வாங்கி வைத்திருந்தான், தேங்காயை மறந்துவிட்டான். சுற்றும் முற்றும் பார்த்தவன் கண்ணில், பொட்டு வைத்துச் சிவப்புத் துணி சுற்றிய தேங்காய் பட்டது. பூஜைக்குத்தான் எடுத்து வைத்திருக்கிறார்கள் என்று அவன் நினைத்ததில் என்ன தப்பு? துணியை அவிழ்த்துப் போட்டு, கற்பூரம் ஏற்றி, லாரிக்கு முன்னால் சுற்றி, கல்லில் ஓங்கி அடித்தான்.

நான் மருந்துப் பெட்டியை மூடிக்கொண்டிருந்தேன். உடைகிற சத்தம் கேட்டது. அதன்பிறகு இத்தனை ஜனம் இருந்தும் ஒரு குரல் இல்லை. வெளியே ஓடினேன்.

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு தேங்காயில் இருக்கிற தண்ணீர் இல்லை. லாரிச் சக்கரத்தை நனைத்து, மண்ணில் இறங்காமல், கொட்டகை வரிசை வரைக்கும் பரவிப் போயிற்று. குப்பென்று துறைமுகத்து வாடை அடித்தது. உடைந்த மூடிகளில் வெள்ளைப் பருப்பே இல்லை. உள்ளே கறுத்துப்போய், அடியில் பொடி மணல் படிந்திருந்தது. வழக்கப்படி ஒரு வாய் குடித்த பொன்னுரங்கம் காறிக் காறித் துப்பினான்.

"இன்னாம்மா இது! ஒரே உப்பா கீது! கடல் தண்ணி கணக்கா கீதும்மா!"

விரல் நனைத்து நாக்கில் வைத்தேன். மெரினாவில் அலை வந்து முகத்தில் அடித்தால் வருகிற அதே உப்பு. எங்கேயோ கேட்ட சத்தம் எது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

செங்கமலம் ஓடி வந்தாள். பொன்னுரங்கம் கையெடுத்துக் கும்பிட்டு, "சத்தியமா தெரியாதுக்கா, பூஜைக்கு வச்சிக்கீறேன்னு நெனச்சுப் பண்ட்டேன்" என்றான். அவனைக் கடித்துக் குதறப் போகிறாள் என்று பயந்து நான் குறுக்கே போனேன். அவள் அவனைப் பார்க்கவே இல்லை. குந்தி உட்கார்ந்து ஒரு மூடியை எடுத்து, அதில் மிச்சமிருந்ததைக் குடித்தாள். துப்பவில்லை. விழுங்கினாள்.

"கடலு" என்றாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். "மல்லிகாவுக்குக் காய்ச்சல் அடிச்ச அன்னிக்கு நெறைஞ்சுதே நர்சம்மா. அன்னிக்குத்தான். அன்னிக்கு நான் எல்லாருக்கும் சர்க்கரை குடுத்தேனே!"

ஐயோ, அந்தக் குரலை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு மயிர்க்கூச்செடுக்கிறது. எழுந்து லாரியில் இருந்த பெண்களைப் பார்த்துக் கத்தினாள்.

"கேட்டுக்குங்கடி! அவரு எவ வீட்டுக்கும் போகலை! கப்பல்ல விடலேன்னா படகுல ஏறியிருப்பாரு! எங்ககிட்ட வர்றதுக்குத்தான் கெளம்பியிருக்காரு!"

அவள் கழுத்திலிருந்த மஞ்சள் கயிற்றைத் தானே கழற்றி, தேங்காய் மூடிக்குள் வைத்தாள். பிறகு, பின்னாலேயே வந்து நின்ற சாம்பசிவனிடம் திரும்பினாள்.

"எழுதிக்குங்க சார். என் புருஷன் இறந்துட்டாரு."

சாம்பசிவன் பேனாவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். அன்று சாயங்காலம் கடைசி லாரியில் தாயும் மகளும் சேர்ந்தே போனார்கள். பொன்னுரங்கம் அழுதுகொண்டே டிரங்குப் பெட்டியைத் தூக்கி வைத்தான்.

அடுத்த வருஷம் காலனிக்குப் போய் அவளைப் பார்த்தேன். இரண்டு அறை வீடு, ஓட்டுக்கூரை, தூரத்தில் உப்பளம் வெள்ளையாகத் தெரிந்தது. சமையல்கட்டில் மல்லிகா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். வீட்டில் எந்தத் தூணிலும் தேங்காய் இல்லை. சித்திரை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது, தெருவே காய்ந்து கிடந்தது. அவள் வாசற்படி மட்டும் நனைந்து, அதில் கொஞ்சம் பொடி மணலும் ஒட்டியிருந்தது. ஒரு பாதம் அளவுக்கு ஈரம், அதைத் தாண்டி வீட்டுக்கு உள்பக்கமாக இன்னொரு பாதம் அளவுக்கு ஈரம். என் பழக்கதோஷம், வந்ததும் வராததுமாகத் திட்ட ஆரம்பித்தேன்.

"என்ன லட்சணம்டி இது, வாசல்ல தண்ணியைக் கொட்டி வெச்சிருக்கே? யாராவது வழுக்கி விழவா? துணியை எடு, துடைச்சு விடறேன்."

"வேணாம் நர்சம்மா" என்றாள் செங்கமலம், மெதுவாக, உள்ளே யாரோ தூங்குவது போல. "இப்பத்தான் வந்தாரு."

நான் புடவையைத் தூக்கிக்கொண்டு, அந்த ஈரத்தை மிதிக்காமல் தாண்டி உள்ளே போனேன்.