சிலேட்டுத் திட்டத்தின் தந்தை

நாய்க்குப் பயந்து விருது வாங்கியவன் எங்கள் துறையிலேயே நான் ஒருவன்தான்.

குடிநீர் வாரியத்தில் மீட்டர் பார்ப்பது என் வேலை. வீடு வீடாகப் போக வேண்டும், மீட்டர் குழியின் மூடியைத் தூக்க வேண்டும், எண்ணைக் குறித்துக்கொண்டு வர வேண்டும். இதில் என்ன வீரம் வேண்டிக் கிடக்கிறது என்று கேட்பீர்கள். கல்யாணமான புதிதில் என் மனைவியும் அப்படித்தான் கேட்டாள். மீட்டர் குழி எப்போதும் கேட்டுக்கு உள்ளே இருக்கும். கேட்டுக்கு உள்ளே வேறு என்ன இருக்கும் என்பதுதான் என் பிரச்சினை.

கடிபட்டவன் பயந்தால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. என்னை ஒரு குட்டி நாய்கூடக் கடித்ததில்லை. இது நானாகப் பாடுபட்டு வளர்த்துக்கொண்ட பயம். குடை, பிஸ்கட், காலுக்கு முழங்கால்வரை பூட்ஸ் என்று எல்லாவற்றையும் முயன்று பார்த்தேன். வாரியம் எங்களுக்கு ஆளுக்கொரு இரும்புக் கம்பி கொடுத்திருந்தது. ஒரு முனையைக் குழாயில் ஊன்றி, மறு முனையைக் காதில் வைத்தால், மண்ணுக்கடியில் தண்ணீர் கசிகிற சத்தம் கேட்கும். அதற்காகக் கொடுத்தது. நான் அதை நாய்க்கம்பு என்றே நினைத்து வைத்திருந்தேன். கேட்டைத் தாண்டாதவன் என்பதால் அலுவலகத்தில் எனக்குப் பெயர் 'கேட்டோரம்'. "கேட்டோரம் வந்தாச்சா?" என்றுதான் வருகைப் பதிவே நடக்கும்.

என் பகுதியில் ஒரு தெருவில் தையல்கார அக்கா ஒருவர் இருந்தார். தனி ஆள். ஜன்னலோரம் மிஷின், வாசலில் செம்பட்டை நிறத்தில் ஒரு நாய். நான் தெருமுனையில் திரும்பும்போதே அது குரைக்க ஆரம்பித்துவிடும்.

"அக்கா, நாயைக் கொஞ்சம் கட்டுங்களேன்."

"கையில வேலை இருக்கு தம்பி. நீ வா, அது ஒண்ணும் பண்ணாது."

நாய் வளர்க்கிற அத்தனை பேரும் சொல்கிற அதே வாக்கியம். இதைக் கேட்டாலே நான் இரண்டடி பின்னால் போய்விடுவேன். "நீங்களே பாத்துச் சொல்லிடுங்க அக்கா" என்று கேட்டுக்கு வெளியிலிருந்து கெஞ்சுவேன். மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்து, மூடியைத் தூக்கிப் பார்த்துச் சொல்வார். பிறகு அதுவும் அலுத்துப்போய், ஒரு பழைய சிலேட்டில் துணிக்குக் குறி போடுகிற சாக்கட்டியால் எண்ணை எழுதிக் கேட்டில் மாட்டிவிட்டார். இனி அவரை யாரும் எழுப்ப வேண்டியதில்லை.

எனக்கோ சொர்க்கவாசல் திறந்த மாதிரி இருந்தது. கைக்காசு போட்டுச் சிலேட்டு வாங்கி, அந்தத் தெரு முழுக்கக் கொடுத்தேன். கண்டுபிடித்தது அக்கா. பயந்தது நான். இரண்டையும் சேர்த்தால் அதற்குப் பெயர் புதுமையாம். அது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது.

ஒரு நாள் எங்கள் உதவிப் பொறியாளர் அந்தத் தெரு வழியாக வந்தார். வரிசையாகத் தொங்கும் சிலேட்டுகளைப் பார்த்து ஜீப்பை நிறுத்தினார்.

"யாருய்யா பண்ணினது இது?"

வசமாக மாட்டிக்கொண்டோம், வேலை போச்சு என்று நினைத்தேன். "நான்தான் சார்" என்று மென்று விழுங்கினேன்.

"பிரமாதம்யா! ஒரே காலையில மொத்தத் தெருவும் முடிஞ்சிடுது பாரு. ஜனங்களே அளந்து சொல்றாங்க! இதை மேல அனுப்பறேன்."

மேலே அனுப்பினார். மேலே இருந்தவர்கள் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். 'மக்களே அளக்கும் மக்கள் நீர்' என்று பெயர் வைத்தார்கள். குளிர்சாதன அறையில் திரை கட்டி விளக்கம் சொன்னார்கள். அதில் என் படம், கீழே 'திட்டத்தின் தந்தை'. என் சொந்தப் பிள்ளைகள்கூட என்னை அத்தனை மரியாதையாகச் சொன்னதில்லை. விருதுக்கான தேர்வுக் குழு வந்து சிலேட்டுகளைத் தெருவில் நின்றே படம் பிடித்துக்கொண்டு போனது. சிறந்த சேவை மேம்பாட்டுக்கான விருது எங்களுக்கு என்று அறிவிப்பு வந்தது.

"நாய்க்குப் பயந்தா விருதா?" என்றாள் மனைவி. "நான் கரப்பான்பூச்சிக்குப் பயப்படறேனே, எனக்கு என்ன தருவாங்க?"

அந்த வருஷம் மழை பொய்த்தது. வீட்டுக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று வாரியம் அளவு வைத்தது. தாண்டினால் மீட்டருக்குப் பக்கத்திலுள்ள வால்வைத் திருகிப் பூட்டுப் போட வேண்டும். அதன்பின் அந்த வீட்டுக்காரர்கள் தெருமுனைப் பொதுக்குழாயில் குடத்தோடு நிற்க வேண்டியதுதான். யார் தாண்டினார்கள் என்று எப்படித் தெரியும்? சிலேட்டுதான் சொல்லும். என் பகுதியில் அது முதலில் சொன்ன வீடு தையல்கார அக்காவுடையது.

உள்ளதைச் சொன்னால், அக்கா கோடையின் தொடக்கத்திலிருந்தே என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "தம்பி, எண்ணு தாறுமாறா ஏறுது. உள்ள வந்து ஒரு தடவ பாரேன்." நாய் இப்போது குரைப்பதைக்கூட விட்டுவிட்டது. மீட்டர் குழியை ஒட்டிப் படுத்துக்கொண்டு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்க்கும். குரைக்காத நாய் எனக்கு இன்னும் மோசம். எனக்காகத்தான் பதுங்கிக் கிடக்கிறது என்று முடிவு கட்டிவிட்டேன். "எண்ணு சரியாத்தான் இருக்கும் அக்கா. தண்ணியைக் கொஞ்சம் பாத்துச் செலவு பண்ணுங்க" என்று கேட்டுக்கு வெளியே நின்று அவருக்கு உபதேசம் செய்தேன். விருது பெற்ற வாய் அல்லவா.

உதவிப் பொறியாளர் பூட்டை என் கையில் வைத்தார். "விழாவுக்குள்ள பூட்டிடுய்யா. திட்டத்தோட முதல் பலன்னு மேடையில சொல்லிடலாம்."

பூட்டோடும் கம்பியோடும் போனேன். அக்கா சண்டை போடுவார், அப்படியே திரும்பி ஓடிவிடலாம் என்று ஒரு நப்பாசை. அவர் சண்டை போடவில்லை. எழுந்து வந்து கேட்டைத் திறந்துவிட்டார்.

"வா. பூட்டணும்னா உள்ள வந்துதானே ஆகணும்."

"அக்கா... நாய்..."

"கட்ட மாட்டேன்." குரல் உடைந்திருந்தது. "பள்ளிக்கூடத்துக்குத் துணி தைக்க ஒத்துக்கிட்டிருக்கேன் தம்பி. லைனிங் துணியை நனைச்சு, சுருங்க விட்டுத்தான் வெட்டணும். குழாயைப் பூட்டினா எதுல நனைப்பேன்? வேற ஆளுகிட்ட வேலையைக் குடுத்துடுவாங்க. இருக்கறது நான் ஒருத்தி, அது ஒண்ணு. நாங்க என்ன, தண்ணியில நீச்சலா அடிக்கறோம்?"

சின்னப்பட்டுப்போய் நின்றேன். ஒரு பொம்பளையின் பிழைப்பைப் பூட்ட வந்திருக்கிறேன், அவர் அழுகையை விழுங்கிக்கொண்டு நிற்கிறார், நான் நாயைப் பற்றிப் பேசுகிறேன். அந்த வெட்கத்தில்தான் கால் உள்ளே போனது, தைரியத்தில் இல்லை. குழிக்குப் பக்கத்தில் போய்விட்டேன். நாய் நகரவில்லை.

"கூப்பிடுங்க அக்கா, எழுந்திருக்க மாட்டேங்குது."

"வெயில் ஆரம்பிச்சதுலேர்ந்து அது அங்கதான் கிடக்கு. அந்த இடம் அதுக்குச் சில்லுனு இருக்கு போல."

சில்லென்றா? தெருவில் மண் வறுபட்டுக் கிடக்கிறது. எனக்குள் இருந்த மீட்டர்காரன் அப்போதுதான் விழித்துக்கொண்டான். நாய்க்குப் பக்கத்தில், அதன் மூச்சு முழங்கையில் படும்படி உட்கார்ந்து, தரையில் கையை வைத்தேன். ஈரம்.

"அக்கா, எல்லாக் குழாயும் மூடியிருக்கா?"

"மூடித்தான் இருக்கு."

மூடியைத் தூக்கினேன். மீட்டருக்குள் இருக்கும் சின்னச் சக்கரம் விடாமல் சுற்றிக்கொண்டிருந்தது. கம்பியைக் குழாயில் ஊன்றிக் காதை வைத்தேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தூக்கிச் சுமந்த கம்பியை அன்றுதான் காதில் வைக்கிறேன். உஸ்ஸென்று ஒரே இரைச்சல். மண்ணுக்கடியில் குழாய் உடைந்து தண்ணீர் பூமிக்குள் போய்க்கொண்டிருந்தது. எண்ணைத் தவறில்லாமல் எழுதியது சிலேட்டு. ஈரத்தின்மேல் படுத்து இடத்தைக் காட்டியது நாய். இந்த மூன்று பேரில் வேலை பார்க்காதவன் சம்பளம் வாங்குகிற நான்தான். அவமானத்தில் காது சுட்டது.

குழாய்க்காரரை வரவழைத்துத் தோண்டினோம். சாயங்காலத்துக்குள் சக்கரம் நின்றது. அக்கா ஒரு செம்பு தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார். அந்தத் தண்ணீரைக் குடிக்கத்தான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

"உடைசல் வீட்டு எல்லைக்குள்ள. அது அவங்க பொறுப்பு. நீ பூட்டிட்டு வந்திருக்கணும்" என்று குதித்தார் உதவிப் பொறியாளர். "பூட்டு எங்க?"

"தொலஞ்சு போச்சு சார்."

பூட்டு என் பையில்தான் இருந்தது. நாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுந்து வந்தவனுக்கு உதவிப் பொறியாளர் எம்மாத்திரம்?

விழாவில் பெரிய மண்டபம். அக்கா தைத்துக் கொடுத்த புதுச் சட்டை. எழுதிக் கொடுத்த பேச்சைச் சட்டைப் பையிலேயே விட்டுவிட்டு மைக்கைப் பிடித்தேன். "இது புதுமை இல்லைங்க. நாய்க்குப் பயந்து செஞ்சது. சிலேட்டு மாட்டினதும் ஒரு தையல்கார அக்கா. நான் உள்ள போகாததால அவங்க வீட்டுத் தண்ணி கோடை முழுக்க மண்ணுக்குள்ள போச்சு. உள்ள போய்ப் பாத்தாதான் தெரியும்" என்றேன்.

மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. எழுந்து நின்று கைதட்டியது. "என்ன ஒரு தன்னடக்கம்!" என்று தலைமை விருந்தினர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். திட்டத்தை எல்லா ஊருக்கும் விரிவுபடுத்துவதாக அங்கேயே அறிவித்தும் விட்டார். நான் அசடு வழிய, கேடயத்தோடு கீழே இறங்கினேன்.

நான் பேசியதை நம்பியது அந்த ஒரு தெருதான். அத்தனை பேரும் விழாவைச் செல்போனில் பார்த்திருக்கிறார்கள். அடுத்த மாதம் போனால் வரிசையாகச் சிலேட்டுகள் தொங்குகின்றன, ஒன்றில்கூட எண் இல்லை. துடைத்துச் சுத்தமாக வைத்திருந்தார்கள்.

"நீதானே சொன்ன, உள்ள போய்ப் பாத்தாதான் தெரியும்னு?" என்றார் முதல் வீட்டு அம்மா. "வா தம்பி, எங்க நாய் ஒண்ணும் பண்ணாது."

அது ஆடுசதையில் கடித்தது.

ஊசி போட்டுக்கொண்டு வந்து, கிழிந்த பேண்ட்டை அக்காவிடம் கொடுத்துவிட்டு, இடுப்பில் லைனிங் துணியைச் சுற்றிக்கொண்டு அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். செம்பட்டை நாய் வந்து என் பக்கத்தில் படுத்துக்கொண்டது. இனி என் பயத்துக்கு ஒரு நியாயம் உண்டு என்று அதனிடம் சொன்னேன். அக்கா சிரித்துக்கொண்டே பேண்ட்டை நீட்டினார்.

"இன்னும் எத்தன வீடு பாக்கி?"

"தெரு முழுக்க அக்கா" என்று சொல்லிவிட்டு, கம்பியை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் கேட்டைத் திறந்தேன்.