கட்டை சார் மூன்று தட்டு தட்டாத நாள்

அந்த நாலாவது நாளை நினைத்தால் இன்றைக்கும் என் உள்ளங்கை வேர்க்கிறது. ஆனால் முதலில் என் தம்பியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

அவனை எல்லாப் பள்ளிக்கூடத்திலும் "கட்டை சார்" என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் ஆறடி. பெயரைக் கேட்டுவிட்டு வாசலில் குள்ளமாக யாரையோ தேடுகிற டீச்சர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவன் சட்டைப் பையில் விரல் நீளத்துக்கு இரண்டு மரக்கட்டைகள் எப்போதும் இருக்கும். ஒன்றோடு ஒன்றைத் தட்டினால் கூடத்தின் கடைசி மூலைவரை கேட்கும். அதனால் வந்த பெயர்.

பதினாலு வருஷம் ஒரு நாடகக் குழுவில் நடித்தான். குழு கலைந்து ஆளுக்கொரு பக்கம் போனதும், பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பிள்ளைகளுக்கு நடிப்பும் பாட்டும் ஆட்டமும் பழக்குகிற வேலையை எடுத்துக்கொண்டான். நிரந்தரம் கிடையாது. இங்கே இரண்டு நாள், அங்கே ஒரு வாரம், கூப்பிட்டால் உண்டு. சில இடத்தில் சாப்பாட்டுக் கூடத்தை ஒழித்துக் கொடுப்பார்கள். சில இடத்தில் சைக்கிள் கொட்டகைதான். "இது எந்தப் பாடத்துல வருது சார்?" என்று கேட்பவர்களிடம், "பரீட்சை இல்லாத பாடத்துல வருதுங்க" என்று சிரித்துச் சமாளிப்பான். எனக்கும் என் தையல் மெஷினுக்கும் அவன் வீட்டில்தான் இடம். துணி தைப்பது, முகமூடி ஒட்டுவது, பை தூக்குவது எல்லாம் நான். அவனுக்கு மட்டுமில்லை, போகிற இடத்திலெல்லாம் எல்லோருக்கும் நான் அக்கா.

அவன் பிள்ளைகளிடம் கத்தவே மாட்டான். ஒரு தட்டு தட்டினால் அசையக் கூடாது. இரண்டு தட்டினால் அசையலாம். மூன்று தட்டினால் விளையாட்டு முடிந்தது. முதல் நாளே இதைப் பழக்கிவிடுவான்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் நாலு நாள் வேலை. கடைசி நாளன்று தலைமையாசிரியை ஒரு முடிவு சொல்வதாக இருந்தார். வருஷம் முழுக்க, வெள்ளிக்கிழமை தோறும் அவனையே வரச் சொல்லலாமா என்று. இந்த வேலைக்கு வந்த ஒன்பது வருஷத்தில் அப்படி ஒரு வாய்ப்பு அவனுக்கு வந்ததே இல்லை. காலையில் ஒரே சட்டையை இரண்டு முறை தேய்த்தான்.

கடைசி மணி நேரத்தில் சாமான் விளையாட்டு. கூடத்தில் இருக்கிற ஏதாவது ஒரு சாமானாக ஒவ்வொரு பிள்ளையும் மாறி ஒளிந்துகொள்ள வேண்டும். போர்த்திக்கொள்ள நான் தைத்த கறுப்புத் துணிகள் ஏழு இருந்தன, ஓரத்தில் சிவப்பு நூல் போட்டவை.

"சாமான் பேசுமா?"

"பேசாது சார்!"

"மேடம் வந்து கூப்பிட்டா?"

"பேசாது!"

"அம்மா வந்து கூப்பிட்டா?"

"பேசாதூ!" என்று கூரை அதிரக் கத்தினார்கள்.

ஒரு தட்டு தட்டினான். இருபத்தெட்டுப் பிள்ளைகளும் அப்படியே உறைந்தார்கள். ஒருத்தன் குப்பைத் தொட்டி, ஒருத்தி கடிகாரம். நான் முகமூடிக்குப் பூசிய சாயக் கிண்ணங்களைக் கழுவக் குழாயடிக்குப் போனேன். அந்த நேரம் பார்த்து ஆபீஸ் பியூன் வாசலில் வந்து, "சார், மேடம் உடனே வரச் சொன்னாங்க" என்றார். தம்பி போய்விட்டான். அவன் ஆபீசில் இருக்கும்போதே நீளமாக மணி அடித்தது. பிள்ளைகள் துணியை வீசிவிட்டு ஓட்டமாய் ஓடினார்கள். மூலையில் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்த டீச்சர் அவர்கள் பின்னாலேயே போனார்.

நான் திரும்பி வந்தபோது கூடம் காலி. அவனும் வந்தான். "அக்கா, வருஷம் முழுக்க! வெள்ளிக்கிழமை தோறும்!" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். எனக்கும் தலைகால் புரியவில்லை. கிடந்த துணிகளை எண்ணாமல் சுருட்டிப் பையில் திணித்தேன்.

வாசலுக்கு வந்தபோது ஒரு தாய் நின்றுகொண்டிருந்தாள். எல்லாப் பிள்ளைகளும் போய்விட்டார்கள், அவள் பிள்ளை மட்டும் வரவில்லை. ஏழு வயசு. முன்பல்லைப் பார்த்துப் பிள்ளைகள் "அணில்" என்று கூப்பிடுகிற சின்னக் குட்டி.

முதலில் எல்லோரும் சிரித்துக்கொண்டுதான் தேடினோம். கழிவறை, மாடிப்படி, நூலகம். பத்து நிமிஷத்தில் சிரிப்பு போய்விட்டது. கூடத்திலும் தேடினார்கள். தாய் உள்ளே போய், மேடை முன்னால் நின்று, பெயர் சொல்லி அழுது கூப்பிட்டாள். மேடை ஓரத்தில் தூசிக்குக் கறுப்புத் துணி போர்த்திய பழைய ஸ்பீக்கர் பெட்டிகள் வரிசையாக இருந்தன. வேறொன்றும் இல்லை. பிறகு யாரோ தண்ணீர்த் தொட்டி மூடியைத் திறக்கச் சொன்னார்கள். மூடியைத் தூக்கும்போது ஒருவரும் மூச்சு விடவில்லை. தண்ணீர்தான் இருந்தது.

ஒரு மணி நேரம் ஓடிவிட்டது. பிள்ளையின் மாமா வந்து சேர்ந்தார். நேரே வாட்ச்மேன் சட்டையைப் பிடித்தார்.

"கேட்டுல உக்காந்து தூங்கினியா? யாரு கூட அனுப்பினே? சொல்லுய்யா!"

"சத்தியமா நான் கண்ண மூடலைங்க. என்னைத் தாண்டி அந்தப் பாப்பா போகலைங்க."

"அப்ப ஆவியா பறந்து போச்சா?"

தலைமையாசிரியை போலீசுக்குப் போன் போடக் கையில் போனை எடுத்தார்.

நான் சுவரோரமாய் நின்று, ஆண்டவனே, அந்தக் குழந்தை உன் கையில் இருக்கட்டும் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். கை சும்மா இருக்காமல் பையிலிருந்த துணிகளை எடுத்து மடித்தது. ஒன்று, இரண்டு. ஆறு. மறுபடி எண்ணினேன். ஆறுதான்.

தம்பியைத் தனியாக இழுத்தேன்.

"சாமான் விளையாட்டை முடிச்சியாடா? மூணு தட்டு தட்டினியா?"

"பெல் அடிச்சுதேக்கா..."

"பெல் அடிச்சுது. நீ தட்டினியா?"

அவன் கை சட்டைப் பையிலிருந்த கட்டைகளைத் தொட்டது.

இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். "யாருக்கும் தெரியாம போய்க் கூட்டிட்டு வந்துடலாம்டா. தூங்கிட்டிருந்துச்சுன்னு சொல்லிக்கலாம்" என்றேன். அந்த வெள்ளிக்கிழமைகள் எல்லாம் என் கண் முன்னால் நின்றன. அவன் என்னைப் பார்க்கவில்லை. வாட்ச்மேனைப் பார்த்தான். அவர் சட்டையின் மேல் பொத்தான் அறுந்து தொங்கிக்கொண்டிருந்தது.

"அவர விடுங்க. தப்பு என்னோடது. நான் விளையாட்டை முடிக்காம போயிட்டேன். குழந்தை உள்ளதான் இருக்கு" என்று கத்தினான். அவன் கத்தி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

கூடத்துக்கு ஓடினோம். ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது, உள்ளே வெக்கை. அந்தத் துணிக்குள் ஒரு மணி நேரம்! அவன் வாசலிலேயே மூன்று தட்டு தட்டினான். ஒன்றும் அசையவில்லை. மறுபடி தட்டப் போனான். ஒரு கட்டை கைநழுவிக் கீழே விழுந்து உருண்டது. தாய் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நாலாவது பெட்டி தும்மியது.

பாய்ந்து துணியை உருவினான். சிவப்பு நூல் ஓரம். முழங்காலைக் கட்டிக்கொண்டு, வேர்த்து நனைந்து, முடி நெற்றியில் ஒட்டி உட்கார்ந்திருந்தாள் அணில். "கால் மரத்துப் போச்சு சார். அதான் உடனே எழுந்திரிக்க முடியல" என்றாள், மன்னிப்புக் கேட்பதுபோல.

தாய் அவளை வாரி எடுத்தாள். "இங்கயே வந்து நின்னு கூப்பிட்டேனேடி! காதுல விழலையா?"

"விழுந்துச்சும்மா. நீ அழுததும் கேட்டுச்சு. எனக்கும் அழுகை வந்துச்சு. ஆனா பெட்டி பேசாதுல்ல?"

என் தம்பி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

தண்ணீர் கொடுத்து, காலைத் தேய்த்துவிட்டு, தாயும் மாமாவும் குழந்தையைக் கூட்டிப் போன பிறகு தலைமையாசிரியை அவனிடம் வந்தார். கோபமாகப் பேசவில்லை. "வெள்ளிக்கிழமை ஏற்பாடு வேணாம் சார். எனக்குத் தைரியம் இல்ல" என்றார். "சரிங்க மேடம், நீங்க சொல்றது நியாயம்தான்" என்றான்.

வாட்ச்மேன்தான் எங்கள் பெரிய பையை பஸ் நிறுத்தம்வரை தூக்கி வந்தார். இறக்கி வைத்துவிட்டு, "கனமா இருக்கே சார். உள்ள வேற யாரும் இல்லியே?" என்றார். தம்பி சிரித்தான். சிரித்துக்கொண்டே இருந்தவன் திடீரென்று முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். பஸ் வருகிறவரை நானும் அவரும் ரோட்டைப் பார்த்தோம்.

விஷயம் பரவி, ஒரு மாதம் போன் வரவில்லை. பிறகு ஒரு சின்னப் பள்ளிக்கூடம் கூப்பிட்டது. சைக்கிள் கொட்டகைதான். சாமான் விளையாட்டை விட்டுவிடுவான் என்று நினைத்தேன். விடவில்லை.

"மேடம் வந்து கூப்பிட்டா சாமான் பேசுமா?"

"பேசாது சார்!"

"அம்மா வந்து கூப்பிட்டா?"

"பேசாது!"

"பேசும்" என்றான். "அம்மா கூப்பிட்டா பேசும். யாராவது அழுதா பேசும். பெல் அடிச்சா பேசும். உனக்கே பயமா இருந்தாலும் பேசும். எங்க, சொல்லுங்க."

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதல் தடவை முனகலாக வந்தது. தலையாட்டினான். திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தான். தகரக் கூரை அதிர, "பேசும்!" என்று அவர்கள் கத்துகிறவரை அவன் கட்டையை எடுக்கவில்லை.

பிறகு ஒரு தட்டு விழுந்தது. சாயக் கிண்ணங்கள் அப்படியே காயட்டும் என்று விட்டுவிட்டு, ஏழு துணியும் எந்தெந்த மூலைக்குப் போகிறது என்று பார்த்துக்கொண்டு நான் வாசலிலேயே நின்றேன்.