அம்மா தூங்கும் ஸ்பிரிங்

தலைமுடி சுருள் சுருளாக இருந்ததால் வீட்டில் அவளுக்குச் சுருட்டை என்று பேர். கார் பட்டறையில் ஸ்பிரிங் மாற்றும் வேலைக்குச் சேர்ந்தபோது, "தலையிலயே விளம்பரப் பலகையோட பொறந்தவ" என்றான் அண்ணன்.

அவளிடம் இருந்தது ஒரே ஒரு பழைய சாம்பல் நிறக் கார். ஞாயிற்றுக்கிழமை அதைப் பந்தயத் தடத்தில் ஓட்டுவாள். செவ்வாய், வெள்ளி அதிலேயே அம்மாவை ஆஸ்பத்திரிக்கு நடைப் பயிற்சிக்கு அழைத்துப் போவாள். இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு அம்மாவுக்கு இரவில் பொட்டுத் தூக்கம் கிடையாது. பின்சீட்டில் சாய்ந்து போகும் அந்த அரை மணி நேரம்தான் கண் மூடும். கண்ணாடியில் அந்த முகம் தளர்வதைப் பார்த்தால் சுருட்டைக்குத் தெருவே மிதந்து போவதுபோல் இருக்கும்.

ஆனால் பழைய ஸ்பிரிங்கின் அந்த மென்மை தடத்தில் உதவாது. வளைவு வந்தால் கார் தள்ளாடிச் சாயும். ஆறு மாதம் தேடி நான்கு புது ஸ்பிரிங் வாங்கினாள். ஒரு முனையில் சுற்றுகள் நெருக்கம். அவை சின்னக் குழிக்கு அமுங்கிக்கொடுக்கும். மறுமுனையில் அகலம், வளைவில் பாரம் ஏறினால் அவை தாங்கும். தோதான ஷாக் அப்சார்பரும் சேர்த்து ஒரு சனிக்கிழமை மாட்டி முடித்தாள். மறுநாள் மழை, தடத்தை மூடிவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை அம்மா தூங்கவில்லை.

"தூக்கித் தூக்கிப் போடுதாம்மா?"

"அதில்லடி. வண்டி மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. சின்ன வயசுல கோவம் வந்தா நீ நிப்பியே, அதே மாதிரி."

அன்று மாலை அண்ணனிடம் சொன்னாள்: "வெள்ளிக்கிழமையும் தூங்கலன்னா பழசையே மாட்டிடுவேன். ஞாயித்துக்கிழமை ஓட்டத்துக்கும் ஒரு கும்பிடு."

மூன்று நாளும் அம்மா சொன்னது காதில் சுற்றிக்கொண்டே இருந்தது. வெள்ளி காலை அம்மாவையும் அண்ணனையும் பட்டறையில் இறக்கிவிட்டு, குழிக்குமேல் காரை நிறுத்தி, கீழே இறங்கி அண்ணாந்து பார்த்தாள். சக்கரத்தைப் பிடிக்கும் இரும்புக் கையின் போல்ட்டுகள். ஜாக்கியில் கார் தொங்கும்போதே அவற்றை இறுக்கிவிட்டிருந்தாள். உள்ளே இருக்கும் ரப்பர் தொங்கிய வாக்கிலேயே பிடித்துக்கொண்டு, காரை இறக்கியதும் முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங்கை அமுங்கவிடாமல் தடுத்தது. 'தரையில நிக்கும்போது இறுக்கு' என்று பட்டறையில் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாள்! ஊருக்குத்தான் உபதேசம்.

போல்ட்டுகளைத் தளர்த்தினாள். 'டொக்' என்று சத்தம். கார் பெருமூச்சு விட்டதுபோல் ஒரு விரற்கடை இறங்கியது.

"அம்மா, பின்னாடி ஏறி உக்காரு. அண்ணா, நீ ஸ்டியரிங் பக்கம். ஆள் பாரத்தோட இறுக்கணும்."

"நான் உன்னைவிட இருபது கிலோ கூட."

"அப்போ கொஞ்சம் எழும்பினாப்பல உக்காரு."

இறுக்கி முடித்து, அண்ணனைப் பக்கத்து சீட்டுக்குத் தள்ளிவிட்டு வண்டியை எடுத்தாள். முதல் குழியில் கார் மெல்ல அமுங்கி எழுந்தது. இரண்டாவது தெரியவே இல்லை. மரநிழல்கள் ஒவ்வொன்றாகக் கண்ணாடியில் வழுக்கி விலகின. வளைவில் கார் சாயவில்லை. பின்னால் பேச்சும் இல்லை.

"சுருட்ட," அண்ணன் குரலைத் தாழ்த்தினான். "வாயைத் தொறந்துக்கிட்டுத் தூங்கறாங்க."

ஆஸ்பத்திரி வாசல் வந்தது. பயிற்சிக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. அவள் நிறுத்தவில்லை, இன்னொரு சுற்றுப் போனாள்.