மறியல் நாளில் சிலோன் பாட்டு

ரேடியோ ரிப்பேர் கடைக்காரர்களுக்கு ஒரு சாபம் உண்டு: செட்டு கெட்டாலும் நம்மைத்தான் திட்டுவார்கள், காற்று கெட்டாலும் நம்மைத்தான் திட்டுவார்கள். இப்படிக் கடையில் உட்கார்ந்து பார்த்த அக்கா தங்கச்சிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

என் பிள்ளைகள் இன்று தலையெடுத்துவிட்டார்கள். அன்று சிறுசுகள். இட ஒதுக்கீடு கேட்டு ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்டிருந்த சமயம். கடலூர்ப் படகுக்காரர்கள் புயல் செய்தி கேட்க வைத்திருந்த ரேடியோக்களைச் சரிபண்ண எங்கள் வீட்டுக்காரர் போயிருந்தார். அவர் போன கையோடு பஸ் நின்றது. அங்கங்கே அடிதடி என்று பேச்சு. அவரிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. கள்ளக்குறிச்சிக் கடையை நான்தான் திறந்தேன். ஒயர் விட்டிருந்தால் பற்றவைப்பேன், மற்றதற்கு ஆண்டவன்.

ஏரியல் நீட்டியவர்

மூங்கில்துறைப்பட்டுப் பக்கத்துக் கரும்புக்காரர் ஒருவர் பொழுது சாய மாட்டு வண்டியில் வந்தார். "சிலோன் ரேடியோ வரலம்மா. ஏரியல கரெக்டா சிலோன் பக்கந்தான் நீட்டி வெச்சிக்கினு இருக்கேன்" என்றார்.

ஊரில் பாதிப் பேர் செய்கிற தப்பு இது. அந்தப் பாட்டுக்கும் நீட்டுகிற ஏரியலுக்கும் சம்பந்தமே இல்லை. பெட்டிக்குள் ஒயர் சுற்றிய கறுப்புக் குச்சி ஒன்று நீளவாக்கில் படுத்திருக்கும். அதன் முனை சிலோனைப் பார்த்தால் பாட்டு அடங்கிவிடும். விலாப்பக்கம் பார்த்தால்தான் உயிர் வரும். பெட்டியின் முகத்தைத் தெற்கே திருப்பி வைத்தேன். பாடியது. மனுஷர் கையெடுத்துக் கும்பிட்டே விட்டார்.

"நம்ம ஐயனாரு மாதிரிதாம்மா இதுவும். மூஞ்சிக்கு நேரா நின்னாத்தான் வரம் குடுக்குது."

மலையிலிருந்து வந்தவள்

கரியாலூரிலிருந்து ஒருத்தி மலையிறங்கி நடந்தே வந்தாள். வீட்டுக்குள் வெறும் இரைச்சலாம், வீட்டுக்குப் பின்னால் பாறைமேல் ஏறினால் பாட்டாம். செட்டில் ஒரு குறையும் இல்லை, வீடு பள்ளத்தில் இருக்கிறது என்றேன். பேட்டரி மட்டும் வாங்கிக்கொண்டாள். என் முகத்தைப் பார்த்து என்ன என்று கேட்டாள். கடலூர் போனவரிடமிருந்து சேதியே இல்லை என்று சொன்னேன். வாசல்படியில் நின்று யோசித்துவிட்டுச் சொன்னாள்:

"அவ்ளோ பெரிய கடலத் தாண்டி வருது. எங்க வூட்டாண்ட ஒரு மேடு, அதத் தாண்ட மாட்டேங்குது பாரும்மா."

அவள் பாட்டைத்தான் சொன்னாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

விளக்கு வைத்த பிறகு

பகலில் எங்கள் ஊரில் சிலோன் வெறும் கரகரப்பு. கடலோரத்தில் அப்படி இல்லை. "உப்புத்தண்ணி மேல பாட்டு வழுக்கிக்கினு வரும். நம்ம காஞ்ச மண்ணு அதக் குடிச்சிடுது" என்பார் வீட்டுக்காரர். அவர் அங்கே பட்டப்பகலில் கேட்பதை நான் கேட்கப் பொழுது இறங்க வேண்டும். விளக்கேற்றி மாரியம்மனைக் கும்பிட்டதும் செட்டைத் திருகிவிட்டு உட்கார்ந்துவிடுவேன். ஆள் நல்லபடியாக இருந்தால் இதே பாட்டுதான் இப்போது அவர் காதிலும். பாட்டு நெளிந்து நெளிந்து அமுங்கும். அவரே பேச்சை நிறுத்திவிட்டு எழுந்து போவது போல இருக்கும். மறுபடி வரும்வரை திருகியின் மேலிருந்து கையை எடுக்க மாட்டேன்.

பக்கத்து ஜவுளிக்கடை பாய், வயசானவர், கடையைச் சாத்திக்கொண்டே பார்த்தார்.

"செட்டு நல்லாத்தானம்மா பாடுது, நீ ஏன் ரிப்பேரான மாதிரி உக்காந்துக்கினு இருக்க? நானும் தொழுகையில அவருக்காகக் கேட்டுக்கினுதான் இருக்கேன்."

உளுந்தூர்பேட்டைச் சேதி

எங்களிடம் செட்டு வாங்கிய லாரி டிரைவர் ஒருவர், லாரியை உளுந்தூர்பேட்டையிலேயே விட்டுவிட்டு சைக்கிளில் வந்து இறங்கினார். நான் பதறி எழுந்தேன். அவரோ சிரித்தார். எங்கள் வீட்டுக்காரர் உளுந்தூர்பேட்டை வரை நடந்தே வந்துவிட்டாராம். மறியல்காரர்கள் அவர் பையைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே பற்றவைக்கிற கோலும் திருப்புளியும். அவர்களுக்கும் செய்தி கேட்க வேண்டுமே!

"மரத்து மேலயே குந்த வெச்சி, சோறு போட்டு, ரேடியோ ரிப்பேர் பண்ண வுட்டுட்டாங்கம்மா. 'நீங்க கெளம்புங்க'ன்னு அவுங்களே சொல்லியாச்சி. 'கையில எடுத்த செட்டு பாடாம எப்படி வர்றது, பாடினதும் வரேன்னு வூட்ல சொல்லுப்பா'ன்றாரு."

மறியல் பண்ணினவர்களே வழிவிட்டாலும் பாடாத செட்டு வழிவிடாது என்பதுதான், ரேடியோக்காரருக்கு வாழ்க்கைப்பட்டு நான் கற்ற பாடம்.