கிழியாத காது

எங்கள் அண்ணி கால்நடை மருத்துவமனையில் உதவியாளர். மூன்று பிள்ளை பெற்றவர், காட்டுக் குதிரைகளுக்குக் கருத்தடை ஊசி போடக் கிளம்பினால் நாத்தனார் நான் சும்மா இருப்பேனா? "இந்த யோசனை உங்களுக்குப் பத்து வருஷம் முன்னாடியே வந்திருக்கலாம் அண்ணி" என்றேன். அண்ணன் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. அண்ணிதான் விழுந்து விழுந்து சிரித்தார்.

ஆற்றோர மேய்ச்சல் வெளியில் யாருக்கும் சொந்தமில்லாத குதிரைகள் பெருகிவிட்டன. புல் போதாமல் சாலைக்கு வந்து வண்டிகளில் அடிபட்டன. நகராட்சி அதிகாரி கறாராகச் சொல்லிவிட்டார்: ஊசி போட்டுப் பாருங்கள், அடுத்த வருடம் இரண்டு குட்டிக்கு மேல் பிறந்தால் பாதிக் கூட்டத்தைச் சுட்டுவிடுவோம்.

ஊசி எப்படி வேலை செய்யும் என்று கேட்டேன். "உடம்புல கிருமியோட சண்டை போடுற சக்தி இருக்குல்ல, அதைக் கருமுட்டை பக்கம் திருப்பி விடுறோம். அது போய் முட்டையோட மேலுறையை அடைச்சுக்கும், விந்து ஒட்ட முடியாது. ஒரு வருஷம் போனா தன்னால குறைஞ்சிடும்" என்றார், வெங்காயம் நறுக்கிக்கொண்டே. ஒரு மாத இடைவெளியில் இரண்டு ஊசி. இரண்டாவது விழாவிட்டால் முதலாவதை நம்ப முடியாது.

பெண் குதிரைகள் பத்தொன்பது. தூரத்திலிருந்து துப்பாக்கியால் ஊசியைச் செலுத்தி, உடனே படம் எடுத்து, கீழே விழுந்த ஊசியைப் புல்லில் தேடி எடுத்துவர வேண்டும். கோபக்காரி, சோம்பேறி, மினுக்கி என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்துக்கொண்டு, மழையிலும் வெயிலிலும் அலைந்து முடித்தார். நகராட்சி வாசலில் பாராட்டி அறிவிப்பு ஒட்டினார்கள். மிச்ச மருந்தை வாங்கிப் பூட்டிவிட்டார்கள்.

மறுநாள் சமையலறையில் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தாயும் மகளுமாக இரண்டு குதிரைகள். இரண்டுக்கும் நெற்றியில் ஒரே மாதிரி வெள்ளை. தாய்க்கு மட்டும் இடது காது கிழிந்திருக்கும். இரண்டாவது ஊசி போட்டபோது தாய்க்கு ஒன்று, மகளுக்கு ஒன்று என்று எடுத்த இரண்டு படத்திலும் காது கிழிந்திருந்தது.

"ரெண்டாவது ஊசியைத் தாய்க்கே ரெண்டு தடவை போட்டிருக்கேன். மகளுக்குப் போடலை" என்றார்.

"யாருக்குத் தெரியப்போகுது? பேசாம இருங்க" என்றேன். அதைச் சொன்னதற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

"அது குட்டி போட்டா ஊருக்கே தெரியும். அதுவே மூணாவதா இருந்துட்டா?"

மருந்தை வெளியே எடுக்க வேண்டுமென்றால் தப்பை எழுதிக் கொடுத்தாக வேண்டும். எழுதினார். நகராட்சிக் கூட்டத்தில் எழுந்து நின்று தானே வாசித்தார். "கண்ணாடி போட்டுக்கிட்டுப் போயிருக்கலாமே" என்றார் ஒரு உறுப்பினர். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணி குரல் கொஞ்சமும் தடுமாறவில்லை. "போட்டுக்கிட்டுதான் போனேன் சார். தப்பு என்னோடது. ஒரு ஊசி குடுங்க, சரிபண்ணிடறேன்."

அதிகாரி ஒரு வாரம் கொடுத்தார்.

மகள் குதிரை துப்பாக்கியைப் பார்த்தாலே ஓட்டம் பிடித்தது. ஆறு நாள் வெறுங்கையோடு திரும்பினார். ஏழாவது நாள் காலை, செய்த பாவத்துக்கு, நானும் கூடப் போனேன். மூன்று மணி நேரம் புல்லில் அசையாமல் கிடந்தோம். எறும்பு கடித்தது, கால் மரத்துப்போனது, வாயைத் திறந்தால் அண்ணி முறைத்தார். ஒருவழியாகக் குதிரை பக்கவாட்டில் திரும்பியது. அண்ணி முதலில் காதைப் படம் எடுத்தார். பெரிதாக்கிப் பார்த்தார். அப்புறம்தான் சுட்டார்.

அடுத்த வருடம் அதிகாரி நேரில் வந்து குட்டிகளை எண்ணினார். இரண்டு, ஊசி பலிக்காத இரண்டு குதிரைகள் போட்டவை. மூன்றாவது ஒன்று எங்காவது இருக்குமோ என்று வெளி முழுக்க நடந்து தேடினார். கிடைக்கவில்லை. "நீங்க விட்டுட்டதாச் சொன்னீங்களே, அது எது?" என்று கேட்டார். அண்ணி கை காட்டினார். காது கிழியாத மகள், குட்டி எதுவும் இல்லாமல் நிம்மதியாக மேய்ந்துகொண்டிருந்தது. அதிகாரி அதையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சுட வேண்டியதில்லை என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சாலையோரம் என் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்த ஒருவர், "அந்தம்மா யாருங்க?" என்று கேட்டார்.

"எங்க அண்ணி" என்றேன். அதோடு நிறுத்த மனசு வரவில்லை. "அன்னிக்குக் கூட்டத்துல எழுந்து நின்னு தன் தப்பைத் தானே வாசிச்சாங்களே, அவங்கதான்."