படம் நிற்காத கதிரை

என் கதிரைகளைப் பார்க்க இப்போது கொழும்பிலிருந்தும் மாங்கேணிக்கு ஆட்கள் வருகிறார்கள். நண்டுக் கால், திருக்கை வால், கணவாய்க் கை என்று தொட்டுப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், அதற்குத்தான் செய்கிறேன். ஆனால், "எல்லாவற்றிலும் இருக்கை ஏன் மீன் முதுகு மாதிரி வளைந்திருக்கிறது, அதுதான் உங்கள் பாணியா?" என்று கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பாணியாவது, கத்தரிக்காயாவது.

முதல் கதிரையை, சுனாமி உடைத்த எங்கள் தோணியின் பலகையில் செய்தேன். அப்பா தோணி கட்டுகிறவர், அதனால் வாச்சியும் உளியும் எனக்குப் பழக்கம். நண்டு மாதிரி எட்டுக் கால் வைத்தேன். என் புருஷன் சுற்றி வந்து எண்ணினார்.

"நண்டுக்குப் பத்துக் கால். கடல்காரன்ட பொஞ்சாதிக்கு இது தெரியாதா?"

வந்த கோபத்தில் இரண்டு கொடுக்குகளைச் செய்து, கைப்பிடியாக வைத்தேன். பின்னேரங்களில் அதில் இருந்துதான் அவர் கிழிந்த வலை பொத்துவார்.

அந்த நாட்களில், கடல் கொண்டுபோய் உடல் கிடைக்காதவர்களின் படத்தை, நிவாரணத்துக்குத் தந்த பிளாஸ்டிக் கதிரையில் வைத்து, மாலை போட்டு, முப்பத்தோராம் நாள் படைத்தார்கள். படம் கதிரையில் ஏறிவிட்டால் ஆள் இல்லை என்று அர்த்தம். பிறகு அந்த வீட்டில் அவரை யாரும் எதிர்பார்ப்பதில்லை.

இரண்டு வருஷத்தில் சண்டை வந்து எங்களை ஊரைவிட்டுக் கிளப்பி அகதி முகாமில் போட்டது. "வலைய எடுத்திட்டு வாறன்" என்று முகாமிலிருந்து போனவர் வரவில்லை. நாங்கள் ஊர் திரும்பியபோது நண்டுக் கதிரை முற்றத்தில் கிடந்தது. அவர் இல்லை.

சண்டையும் முடிந்தது. பிடிபட்டுப் போனவர்களில் சிலர் வந்தார்கள், இவர் வரவில்லை. ஒரு நாள் மாமி, அவரைப் பெற்றவர், படமும் மாலையுமாக வந்து நின்றார்.

"எல்லாம் முடிஞ்சிட்டு புள்ள. அவன்ட கதிரையிலயே வெச்சுப் படைப்பம்."

"அவர் செத்தத நீங்க கண்டீங்களா மாமி?"

"காணல்ல."

"அப்ப படைக்க ஏலாது."

ஊர் என்னை நெஞ்சழுத்தக்காரி என்றது. ஓம், நெஞ்சழுத்தம்தான். அன்றைக்கே கதிரையின் மட்டமான இருக்கையைக் கழற்றி எறிந்துவிட்டு, தோணியின் வளைந்த பலகையைக் கவிழ்த்து அடித்தேன். ஆள் இருக்கலாம், படம் நிற்காது. அதற்குப் பிறகு நான் செய்த எந்தக் கதிரையிலும் ஒரு படத்தை நிறுத்த முடியாது.

அடுத்த கிழமை, நான் கிணற்றடியில் நின்ற நேரம் பார்த்து மாமி திரும்பவும் வந்தார். நான் ஓடி வருவதற்குள் படத்தைக் கதிரையில் வைத்துவிட்டார். அது வழுக்கியது. மறுபடி வைத்தார், வழுக்கியது. மூன்றாம் தரம் கீழே விழுந்து கண்ணாடி வெடித்தது. நான் சண்டைக்குத் தயாராக நின்றேன்.

மாமி குனிந்து படத்தை எடுத்தார். சேலைத் தலைப்பால் மணலைத் துடைத்தார். பிறகு தானே நண்டுக் கதிரையில் ஏறி இருந்து, மகனை மடியில் வைத்துக்கொண்டார்.

"எனக்கும் இப்பிடி ஒண்டு செஞ்சு தா புள்ள," என்றார். "என்ட வீட்டிலயும் படைக்கச் சொல்லிக் கரைச்சல் தாறாங்க."